வரிசையில் நான் தொட்ட தோள்

என் கூடப்பிறந்தவனுக்கு,

போனில் பேசினால் அதையும் பதிவு செய்து உன் சேனலில் போட்டுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாளைக் காலை தென்காசி கோர்ட்டில் என் சாட்சி. குற்றாலத்தில் நம் சிப்ஸ் கடைக்குப் பின்னால் லாட்ஜ் வாட்ச்மேனைக் கொன்றது விஜய்பாண்டிதான் என்று உன் சேனல் பார்க்கிற ஒன்பது லட்சம் பேர் எப்போதோ தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். அவன் அம்மா மேலகரத்தில் குழாயடிக்குக்கூட வருவதில்லையாம். என் சாட்சியை விட்டால் கேஸில் வேறொன்றும் இல்லை.

கொலை நடந்த மறுநாள் அவன் போட்டோவைப் போனில் காட்டி, "எக்கா, இவன்தான ஓடுனான்?" என்று கேட்டாய்.

"அந்தச் சாரல்ல என்னத்தலே தெரியும்? முதுகத்தான் பாத்தேன்" என்றேன்.

நீ போட்ட வீடியோவில் அந்தப் பேச்சே இல்லை. ஓடினவன் போன பக்கம் நான் கைநீட்டி அழுதது மட்டும் இருந்தது, பக்கத்தில் விஜய்பாண்டியின் முகம். நானும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பிறகு ஜெயிலில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னார்கள். தயங்காமல் போய் அவன் தோளைத் தொட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன்தான் மெதுவாகக் கேட்டான்: "எக்கா, என்னைய எங்கன பாத்திய?"



நாளை கூண்டில் ஏறி அதற்குப் பதில் சொல்லப்போகிறேன். என் தம்பி போனில் பார்த்தேன் என்று.

கேமராவோடு வாசலில் நிற்காதே. உள்ளே வந்து உட்கார்ந்து, கடைசிவரை கேள்.

உன் அக்கா