பதினெட்டு பால்கனிகளில் நீலச் சட்டை

மார்ச் 4, திங்கள்
ஃபிரிட்ஜ் தொழிற்சாலையின் வெல்டிங் பிரிவுக்கு ரோபோ கைகள் வந்தன; அப்பாவைக் கைவிட்டன. அவரோடு இருநூறு பேரையும். முக்கால்வாசிப் பேர் ஷுண்டே ஊரை விட்டே போய்விட்டார்கள். எங்கள் கட்டடத்தில் இப்போது என் கொட்டாவிக்கே எதிரொலி கேட்கிறது. போன வருஷம் ஒன்பது லட்சம் யுவான் சொன்ன வீட்டுக்கு இப்போது ஆறு. ரோபோவோடு வந்த பொறியாளர்கள் குடியிருக்கும், ஆற்றுக்கு அக்கரை அடுக்குமாடிக் கோபுரத்தில் மட்டும் விலை ஏறுகிறது.

மார்ச் 9
செங்டு நகரில் சித்தப்பாவின் டயர் கடையில் அப்பாவுக்குப் பங்கு தருகிறாராம். மாதக் கடைசிக்குள் பணத்தோடு போகவேண்டும். வீட்டை விற்றால்தான் பணம். அப்பா தினமும் மூன்று தடவை தரை துடைக்கிறார். தரைக்கு வாயிருந்தால் அழும்.

மார்ச் 14
தரகர் லியாவ் அக்கா சொன்னது: "வாங்க வர்றவங்க தரையவா பாப்பாங்க? கீழ நின்னு எத்தன பால்கனில துணி காயுதுன்னு எண்ணுவாங்க தம்பி. ஆளில்லாத கட்டடத்துல எவன் வாங்குவான்?"

காலி வீடுகளின் சாவி, பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது, அம்மாவிடம். போனவர்கள் விட்டுப்போன தொழிற்சாலைச் சீருடை மூட்டைகள் கீழ்த்தளத்தில். மூளை என்னிடம். வேறென்ன வேண்டும்?

மார்ச் 16, சனி
முப்பத்தாறு நீலச் சட்டைகள். பதினெட்டு பால்கனிகள். துவைக்கவில்லை, தண்ணீர் மட்டும் தெளித்தேன்.

மார்ச் 17
நாசம்.

வீடு பார்க்க வந்தவர் பொறியாளர் டெங். மாமியாருக்கு மலிவாக வீடு தேடுகிறாராம். கீழே நின்று எண்ணினார்.

"இது ஃபிரிட்ஜ் கம்பெனி சட்டைதான?"

"ஆமா சார், எல்லாரும் அங்கதான் வேலை பாக்குறாங்க." நான்தான் சொன்னேன். என் வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, அங்க ரோபோவ மாட்டினதே நான்தான். இப்ப அந்தப் பிரிவுல மொத்தமே பதினோரு பேர். மிச்ச சட்டை யாருது? ரோபோவுதா?"

அப்பாவின் முகம் — வேண்டாம், எழுதமாட்டேன்.

"வெலையக் கொறச்சா வாங்குவீங்களா சார்?" என்றார் அப்பா.

"காலியா இருக்குமோன்னு சந்தேகம்தான் இருந்துச்சுண்ணே. இப்ப சந்தேகமே இல்ல. வெல இன்னும் எறங்கும்." கிளம்பும்போது, "ரோபோ தப்பா வெல்டிங் பண்ணினா கண்டுபிடிக்க ஆள் இல்ல. இங்க தொழிற்பள்ளில ஆறு மாசப் படிப்பு இருக்கு, சேருங்க" என்றார்.

"என்னத் தொரத்தின ரோபோவுக்கு நானே ஆயா வேலை பாக்கணுமா?" என்றார் அப்பா.

(அந்தத் தொழிற்பள்ளியில்தான் நான் படிக்கிறேன்.)

மார்ச் 18
முப்பத்தாறையும் துவைக்க வைத்தாள் அம்மா. கையால்.

மார்ச் 31
வீடு விற்கவில்லை. சித்தப்பா பங்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அப்பா தரை துடைக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டக்கூடாதா? நல்லா நாலு அறை விட்டுத் தொலையலாம்ல?

ஏப்ரல் 22, திங்கள்
அப்பா பள்ளிக்கு வந்தார். என்மேல் புகார் என்று நினைத்துக் கழிப்பறையில் ஒளிந்துகொண்டேன். புகார் இல்லை. சேர்க்கை, அவருக்கே. பெரியவர்களுக்குத் தனி வகுப்பு கிடையாதாம். எங்கள் வகுப்பில், பதினேழு வயதுப் பயல்களுக்கு நடுவே, எனக்கு முன் பெஞ்சில், நாற்பத்தாறு வயதில், புது நோட்டோடு உட்கார்ந்திருந்தார். வாத்தியாரின் முதல் கேள்விக்கே முழித்தார். எல்லாப் பயல்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பின்னாலிருந்து விடையைக் கிசுகிசுத்தேன். சரியான விடையை.