மூன்றாம் பகுதி

நேற்று ஆம்பூர் கடைவீதியில் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போயிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் பசை வாசனை முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்கூட உன் தலைமுடியில் இருந்த அதே வாசனை. கடைக்காரர் "இன்னா சைஸ்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். பெட்டியை மூடி வைத்தேன்.

பதினாறு வருடம் ஷூ கம்பெனியில் பசை தடவும் மேஜையருகே நின்றாய். உன் அப்பா கல்யாண ஊர்வலங்களில் ஊதிய டிரம்பெட்டை அவருக்குப் பிறகு நீ எடுத்துக்கொண்டாய். நான் வேலூரில் நர்ஸ். ஞாயிறுகளில் நம் சபையில் பியானோ வாசிப்பவள். ஒருநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு உன் போனை என் காதில் வைத்தாய். முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் டிரம்பெட்டுக்கென்றே எழுதிய கான்செர்ட்டோ என்ற இசைப்படைப்பு. பின்னால் ஒரு பெரிய வாத்தியக் கூட்டமே வாசித்தது.

"இத நாம வாசிக்கலாமாடி?"

"அத்தன பேருக்கு எங்கடி போறது?"

"அதான் நீ இருக்கியே. உன் பத்து விரல் போதும்."

தேடியதில், அந்தக் கூட்டத்தின் வேலை முழுவதையும் பியானோவுக்கு மாற்றி எழுதிய நோட்டு கிடைத்தது. மூன்று பகுதிகள். முதலும் கடைசியும் வேகம். நடுவில் வருவது மெதுவானது. அதில் டிரம்பெட்டுக்கு வேலையே இல்லை. "எழுதினவரு நல்ல மனுஷன்டி, எனக்கு ரெஸ்ட் குடுத்திருக்காரு" என்று சிரித்தாய்.

சபை ஆண்டுவிழாவுக்காக எட்டு மாதம் பயிற்சி செய்தோம். நான்காவது மாதத்திலிருந்தே நீளமான வரிகளைப் பாதியில் விட்டு மூச்சு வாங்கினாய். படியேறி வந்தால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"மூச்சு பத்தலடி."

"ரத்தம் கம்மியா இருக்கும். பேரீச்சம்பழம் சாப்பிடு."

இருபது வருட நர்ஸ் நான். வார்டில் வேறொருத்தி அப்படிச் சொல்லியிருந்தால் அன்றே டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். உன்னை அனுப்பவில்லை. போனால் டிரம்பெட்டைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அந்த இசை வேண்டியிருந்தது.

ஆண்டுவிழாவில் முதல் பகுதியை ஒரு குறையும் இல்லாமல் ஊதினாய். போதகர் கண்ணை மூடிக் கேட்டார். நடுப்பகுதிக்கு நாற்காலியில் உட்கார்ந்தாய். வாசித்தபடியே உன்னைப் பார்த்தேன். தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. உதடு நீலம் பூத்திருந்தது. மெதுவானதை இன்னும் மெதுவாக்கினேன். முடிந்ததும், உனக்கு மூச்சு திரும்பட்டும் என்று, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அதுவும் முடியும் இடத்தில் நீ என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாய். கையை எடுத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். நீ எழுந்து நின்று கைகூப்பினாய்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலும் இறுகிப்போயிருந்தன.

"பசையாலயா டாக்டர்?" என்று உன் கணவர் கேட்டார்.

"அப்படி உறுதியா சொல்ல முடியாது."

"முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் கெடச்சிருக்கலாம்."

நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம், ஆக்சிஜன் குழாயோடு வீட்டுக் கட்டிலில் கிடந்தாய். ஒரு மத்தியானம் தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்: "எனக்கு அப்பவே சந்தேகமா இருந்துச்சுடி." நீ மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டாய். பிறகு, "எனக்கும்தான்" என்றாய். அது மன்னிப்பா, வெறும் பதிலா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்த வாரத்தில் நீ போய்விட்டாய்.

அடக்கம் முடிந்த மறுநாள் உன் கணவர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"எனக்கு மியூசிக்லாம் தெரியாது. ஆண்டுவிழா அன்னிக்கு முழுசா வாசிச்சிட்டாளா சிஸ்டர்? அவளுக்கு அதுல அவ்ளோ ஆசை."

"முழுசா வாசிச்சிட்டா, அண்ணா."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சபையில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். இன்னொரு பகுதி பாக்கி இருந்தது என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். இப்போது நான் ஒருத்தி.