உள்ளங்கை உப்பு

ஜூலை 4
ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கேன்டீனில் முதல் நாள். இதயம் பலவீனமாம். இருக்கட்டும், நின்றுபோகவில்லையே. அண்டாவுக்கு முன் நின்றதும் பாதி நோய் போன மாதிரி இருந்தது. காலையில் எடை அறுபத்திரண்டு.

ஜூலை 6
நர்ஸ் சொன்னபடிதான் எல்லாம். எழுந்ததும் எடை, நீர் மாத்திரை, குடிக்க அளந்து வைத்த தண்ணீர். வீட்டில் சமைப்பது இவர். உப்பே கிடையாது, மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது. "ஊருக்கே சமைச்சுப் போட்டவ, உனக்கு வந்த சோதனையப் பாரு" என்று சிரிக்கிறார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

ஜூலை 8
எடை ஏறியிருக்கிறது. நாத்தனார் வந்திருந்தாள். "முகம் பூசினாப்ல இருக்கு அண்ணி, உடம்பு தேறிட்டீங்க!" இவருக்கு ஒரே பெருமை. தேறின உடம்புக்குத் துணி உதறிப் போட ஏன் மூச்சு வாங்குகிறது? மாடிப்படியில்கூட நடுவில் நின்று நின்றுதான் ஏறுகிறேன். மோதிரம் வேறு கழலவில்லை.

ஜூலை 9
அறுபத்து நாலரை. இப்படித் திடுதிப்பென்று ஏறினால் உடம்பில் நீர் கோத்திருக்கும், உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறாள் நர்ஸ். செய்தால்? வேலை வேண்டாம் என்பாள். வீட்டில் உட்கார்ந்து சுவரையா பார்ப்பேன்? மெஷின்தான் சரியில்லை. தரை சாய்வாக இருக்கும். கூடத்துக்குத் தூக்கிப் போய் ஏறி நின்றேன் — அங்கேயும் அதேதான்.

ஜூலை 10
கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது. இவர் மேல் பாய்ந்தேன். "எனக்குத் தெரியாம உப்பு போடுறீங்களா?" உப்பு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். கட்டிதட்டிக் கிடந்தது. "நீ படுத்த நாள்லேருந்து நானும் தொடலடி." தன் தட்டில் தனியாகப் போட்டுக்கொள்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்! முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

ஜூலை 11
போன் செய்துவிட்டேன். தலையணை மேல் தலையணை வைத்தும் படுக்க முடியவில்லை. உடனே வரச் சொன்னாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நர்ஸ் திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது.
"கேன்டீன்ல என்னம்மா சாப்பிடுறீங்க?"
"ஒரு வாய் தொடறதில்ல."
"ருசி பாக்க மாட்டீங்களா?"
ஐயோ. சூப்பைக் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு நக்குவேன். உப்பு போட்டதும் மறுபடி. இறக்கும்போது இன்னொரு தரம். ஒவ்வொரு அண்டாவுக்கும், வேளாவேளைக்கு. அது சாப்பாடா? அது வேலை! தட்டில் போட்டால்தானே சாப்பாடு என்று இருந்துவிட்டேன், மக்கு, மக்கு.

ஜூலை 13
பாத்ரூமுக்கு நடந்தே கால் ஓய்ந்தது. எடை இறங்குகிறது.

ஜூலை 22
டாக்டர் சரி என்றதும் மறுபடி கேன்டீன். இனி ருசி பார்ப்பது மீசைக்காரர். என்னோடு சமைக்கிறவர்தான். அவர் வாயில் இருப்பது நாக்கா, செருப்புத் தோலா என்று நானே கேலி செய்த ஆள். நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கை உப்பு வேணும்க்கா" என்றார். எனக்கென்னவோ போதும் என்றுதான் பட்டது. என் கை தானாகக் கரண்டிக்குப் போனது. மனுஷன் அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்ன உப்பைப் போட்டேன்.
அண்டா காலி. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. என் நாக்கு இல்லாமலே நன்றாக வந்துவிட்டதே — வயிறு எரிகிறது, சொன்னால் என்ன. அந்த எரிச்சலிலேயே வீட்டுக்கு வந்து மாடி ஏறினேன். மேலே வந்தபிறகுதான் தெரிந்தது, நடுவில் நிற்க மறந்துவிட்டேன்.