சிறுவர் பக்கத்து அறை

ஜனவரி 12, 1976
இன்றைய தேதியை நானே எழுதினேன். எண்கள் எனக்குப் பழையவை. கார்க் மரத்தில் பட்டை உரித்ததும் அந்த வருடத்தின் கடைசி எண்ணைத் தண்டில் வெள்ளைச் சாயத்தால் எழுதுவோம். எங்கள் அலென்தேஜுப் பகுதிக் காடுகளில் நாற்பது வருடம் எழுதியிருக்கிறேன். எழுத்துகள்தான் புதியவை; மாலை வகுப்பில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. எழுபத்தொரு வயதில்! ஒவ்வொன்றும் என்ன அழகு.

ஜனவரி 15
பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாசல். சிறுவர் பக்கம், சிறுமியர் பக்கம். நடுச்சுவரில் டீச்சர் போய்வர ஒரு கதவு. மாலை வகுப்புக்கு வரும் நாங்களும் அப்படியே பிரிந்துதான் உட்கார்கிறோம். யாரும் சொல்லவில்லை, கால்கள் தாமாகவே போயின. ஆண்கள் ஆறு பேர். ஆளுக்கொரு கையால் நோட்டை மறைத்துக்கொண்டு எழுதுகிறோம். இன்னொருவன் தப்பைச் சொல்வது எங்கள் ஊரில் அவமதிப்பு. அந்தப் பக்கம் பெண்கள், துணி துவைக்கும் தொட்டியடியில் இருப்பதுபோல ஒரே சத்தம். எங்களைவிட இரண்டு பாடம் முன்னால் போய்விட்டார்களாம்.

ஜனவரி 23
எங்கள் ஆறு பேரில் ஃபிர்மினு வரவில்லை. கண் வலியாம். மதுக்கடையில் சீட்டு மட்டும் நன்றாகத் தெரிகிறது.

பிப்ரவரி 3
கிராசா டீச்சர் ஜசிந்துவைக் கரும்பலகைக்கு அழைத்தார். சாக்பீஸைப் பிடித்தபடி நின்றான். எனக்கு விடை தெரியும். சொல்லவில்லை. சொன்னால் அவன் முகம் என்ன ஆகும்? தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சொல்லியிருக்கலாமோ —

பிப்ரவரி 17
மற்றவர்களும் ஒவ்வொருவராய் நின்றுவிட்டார்கள், இப்போது நான் மட்டும்தான். டீச்சர் சொன்னார்: "ஒரு ஆளுக்காக ஒரு ரூமைத் திறந்து வைக்க முடியாதாம், அன்செல்மு ஐயா. இந்த மாசத்தோட மூடச் சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் வந்துடுங்களேன்."
என் மனைவி தெயோலிந்தா இருந்தால் அவளைக் கேட்டிருப்பேன். அவள் போய் ஆறு வருடம். வீட்டில் பேச யார் இருக்கா? இந்த நோட்டுதான்.

பிப்ரவரி 19
போனேன். பேச்சு நின்றது. பத்து கைகள் பத்து நோட்டுகளை மறைத்தன. பக்கத்து வீட்டு எர்மெலிந்தா எழுந்தாள்.
"கோவிச்சுக்காதீங்கண்ணே. நாங்க தப்புத் தப்பாப் படிச்சு, சிரிச்சுத்தான் கத்துக்கறோம். ஆம்பளை உட்கார்ந்திருந்தா எங்களுக்கு வாய் வராது."
"முக்காடு போட்டுட்டு வந்தா உட்காரட்டும்!" என்றாள் குஸ்தோதியா. சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்கள்.
என் அறைக்கே திரும்பிவிட்டேன். அவள் சொன்னது சரிதான். அதான் வலிக்குது.

பிப்ரவரி 24
இந்த அறையில் இன்னும் மூன்று வகுப்பு. சுவருக்கு அப்பால் எல்லோரும் சேர்ந்து ஒரு வரியைப் படித்தார்கள். இங்கே யார் இருக்கிறார்கள் என்று நானும் அதே வரியை வாய்விட்டுப் படித்தேன். எழுத்துகள் என் குரலில் வருவதை முதல் தடவையாகக் கேட்டேன். ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தேன்.
பிறகு எர்மெலிந்தாவின் குரல்: "அண்ணே, அது தப்பு! நாங்களும் அங்கதான் விழுந்தோம்!"
முகம் சுட்டது. மறுபடி படித்தேன். மறுபடியும் தப்பு. ஒரே சிரிப்பு. எர்மெலிந்தா நடுக்கதவைத் திறந்தாள்.
"இங்கயே வந்து படிங்க. சுவரைத் தாண்டிக் கத்த எங்களால ஆகாது."

மார்ச் 4
சிறுவர் அறையைப் பூட்டி, சாவியை டீச்சர் மேலிடத்தில் ஒப்படைத்துவிட்டார்.
இன்று குஸ்தோதியா நோட்டை என் பக்கம் தள்ளி, "இது என்னண்ணே?" என்றாள். பார்த்தேன். தெரியவில்லை.
"தெரியலம்மா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.