ஊற்றாமலே கனத்த கோப்பைகள்

இன்று காலை ஜன்னலோரத்தில் ஒரு மிளகாய் நாற்று படுத்துக் கிடந்தது. நேற்று சாயங்காலம் பார்த்தபோது நிமிர்ந்துதான் நின்றது. இலையில் வாட்டம் இல்லை, பச்சையும் குறையவில்லை. யாரோ விரலால் தள்ளிவிட்டதுபோல ஒருக்களித்துக் கிடந்தது. குனிந்து, தண்டு மண்ணோடு சேரும் இடத்தைப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் நூல்போல மெலிந்து, நீர் கோத்துப் பழுப்பாக இருந்தது. ஈரத் தென்னை நார்த்தூளின் வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். "தொடாத ஏளா. முதல்ல நல்லாப் பாரு" என்று என்னை அதட்டுகிற அந்தக் குரலோடு.

உப்புப் பரிசோதனைக் கூடத்தில் நமக்கு ஒரே மேசை. உப்பளத்திலிருந்து பொட்டலங்களில் வரும் உப்பைக் கரைத்து, வடிகட்டி, பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வெள்ளி நைட்ரேட்டை விட்டு, மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் கணத்துக்காகக் காத்திருப்பது நம் பிழைப்பு. எனக்கு அளவு வந்தால் போதும், எழுதிவிட்டு அடுத்த பொட்டலத்துக்குப் போய்விடுவேன். நீ அப்படி இல்லை. நேற்று வந்த அளவுக்கும் இன்று வந்ததற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் யோசித்துக்கொண்டிருப்பாய். "தப்பா வந்தா வரட்டும். ஏன் வந்துச்சுன்னு தெரியாம எப்படிச் சோறு இறங்கும்?" என்பாய்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்து வைத்திருந்தது நமக்கு வெகுகாலம் தெரியாது. கூடத்தின் மாடிப்படியில் நீ பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. மதுரையில் ஆப்பரேஷன் நடந்தது. நெஞ்சில் நீளத் தையலோடு வீட்டுக்கு வந்தாய். இரண்டாவது மாடி வீடு. படி இறங்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. உன் மாமியார் தண்ணீரைக்கூட உன் வாய்வரை கொண்டுவந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்த உன் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், நீ தும்மினால்கூடத் துள்ளி எழுந்தார்.

நான் வேலை முடிந்து போகிற வழியில் வருவேன். கூடத்துக் கதையெல்லாம் சொல்வேன். "ஓ" என்பாய். அவ்வளவுதான். எதையும் குடைந்து குடைந்து கேட்கிற நீ எதையுமே கேட்காமல் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தது எனக்குப் பயமாக இருந்தது. தையல் ஆறிக்கொண்டிருந்தது, நீ ஆறவில்லை.

ஒரு நாள் நீயாகப் பேசினாய். "ஏளா, இந்த வீட்டுல நேத்து இருந்த மாதிரியேதான் இன்னைக்கும் எல்லாம் இருக்கு. தினம் ஏதாவது மாறுற மாதிரி ஒண்ணு வேணும் எனக்கு."

உன் மாமியார் மீன் குழம்புக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். நீ கையை நீட்டி ஒரு துண்டைக் கேட்டு வாங்கினாய். விதைகளை ஒரு காகிதத்தில் பிதுக்கிக் காய வைத்தாய். அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஒரு கட்டி நார்த்தூள் வாங்கி வந்தேன். தேநீர்க் கடைக் காகிதக் கோப்பைகளின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு, விதைத்து, உன் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வரிசையாக அடுக்கினோம்.

முளைத்த நாற்றுகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. உன் மாமியாருக்கு ஒரே சந்தோஷம். நீ மட்டும் புருவத்தைச் சுருக்கினாய். "இது வளர்த்தி இல்ல. பாரு, வெளுத்துப்போய் நெட்டையா எதையோ எட்டிப் பிடிக்கப் போகுது. என்னத்தைத் தேடுது?" என்றாய். ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். வெளிச்சம் போதவில்லை. மேசை விளக்கில் வெள்ளை பல்பு மாட்டி, நாற்றின் தலைக்கு ஒரு சாண் உயரத்தில் இறக்கி வைத்தோம். அடுத்து முளைத்தவை குட்டையாக, தண்டு பருத்து, திடமாக நின்றன. உன் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் சாவு தொடங்கியது. நன்றாக நின்ற நாற்று மறுநாள் காலையில் படுத்துக் கிடக்கும். இன்று ஒன்று, நாளை இரண்டு.

"போர் தண்ணில உப்பு. தூத்துக்குடில வேற என்ன வெளங்கும்? கேன் தண்ணி ஊத்து" என்றார் அண்ணன். நமக்கும் அதேதான் தோன்றியது. உப்பிலேயே சோறு தின்றவர்கள் நாம், வேறு எதைச் சந்தேகப்படுவோம்? ஆனாலும் நீ உடனே எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர் ஊற்றிவிடவில்லை. பாதிக் கோப்பைகளுக்கு மட்டும் அதை ஊற்றினாய், மீதிக்குப் பழைய தண்ணீர். இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழுந்தன.

"அப்போ நார்த்தூளுதான். உப்புத் தண்ணில ஊற வச்ச தேங்கா மட்டையா இருக்கும்" என்றாய். ஊறிய நாரைப் பிழிந்த தண்ணீரை ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். எல்லோரும் கிளம்பிய பிறகு பியூரெட்டைத் திறந்தேன். சில சொட்டுகள்தான் விழுந்தன. கரைசல் சட்டென்று செங்கல் நிறமாகிவிட்டது. இத்தனை சீக்கிரம் நிறம் மாறினால் உப்பு பேருக்குத்தான் இருக்கிறது என்று அர்த்தம். உனக்குப் போன் செய்து சொன்னேன்.

"உப்பு இல்லையா?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். ஆப்பரேஷனுக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. "அப்போ நமக்குத் தெரியாத ஒண்ணு இங்கன நடக்கு ஏளா!"

தன் கணக்கு தப்பிப்போனதற்கு ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் நான் வந்தபோது பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாய். விழுந்து கிடந்த நாற்றைத் திருப்பிக் காட்டினாய். "உப்புன்னா இலையோரம் கருகணும். இதுல இலை நல்லா இருக்கு. அழுகல் கழுத்துல இருக்கு. நாம இலையையே பாத்துட்டுக் கழுத்தை விட்டுட்டோம்." கழுத்து அழுகுகிறது என்றால் ஈரம் கூடிப்போயிருக்க வேண்டும். மண்ணுக்கு மேல் பொடிக் கொசுபோல ஈக்களும் பறந்தன, அவற்றுக்கும் ஈரம்தான் பிடிக்கும். ஆனால் நீ ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், அதுவும் கரண்டியால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாய். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது?

அடுப்படித் தராசைக் கட்டிலுக்கு வரவழைத்தாய். காலையில் ஒவ்வொரு கோப்பையையும் நிறுத்து அதன் பக்கத்திலேயே பென்சிலால் குறித்தாய். அன்று தண்ணீர் ஊற்றவில்லை. சாயங்காலம் திரும்ப நிறுத்தாய். காய்ந்து எடை குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தது.

"ஏளா, தண்ணி ஊத்தாமலே கப்பு கனக்கு!" என்று போனில் கத்தினாய். கடல் காற்றில் இருக்கிற ஈரத்தை நார்த்தூள் உறிஞ்சுமா என்று நாம் வெகுநேரம் விவாதித்தோம். நீ அதை நம்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை வரச் சொன்னாய். "நான் தூங்குத மாதிரி கெடப்பேன். நீ புஸ்தகத்தை வச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு உக்காந்திரு" என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய்.

கொஞ்ச நேரத்தில் உன் மாமியார் பூனைபோல வந்தார். கையில் ஒரு தம்ளர். ஒவ்வொரு கோப்பைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒரு நாற்றின் இலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துவிட்டுப் போனார். அவர் போய்ச் சற்று நேரத்தில் அண்ணன் வேலையிலிருந்து வந்தார். படகுக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலில் மீதி இருந்ததை அதே கோப்பைகளில் ஊற்றினார். "குடிங்க, குடிங்க" என்று மெல்லச் சொன்னார்.

அவர் உள்ளே போனதும் நீ தையலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு உன் சிரிப்பு நின்றுபோனது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ரெண்டு பேரும் பாசமாத்தான் ஊத்துதாங்க. ஒருத்தர் ஊத்துனது இன்னொருத்தருக்குத் தெரியாது," என்றாய். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கும் இந்த வீட்டுல இதுதான் நடக்கு, இல்லையா?" என்றாய். 

அன்று சாயங்காலமே இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாய். தராசையும் கோப்பைகளையும் காட்டினாய். உன் மாமியார் முகம் வாடிவிட்டது. "வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துதே, பச்சப் புள்ளைக மாதிரி நிக்குதேன்னு ஒரு வாய் ஊத்துனேன். நானா கொன்னேன்?" என்றார்.

"மாமி, நீங்க கொல்லல. தண்ணி நல்லதுதான். வேருக்குக் காத்தும் வேணும்லா?" என்றாய். பிறகு, "நாளைக்கு நான் படி இறங்கப் போறேன்" என்றாய்.

அண்ணன் எழுந்துவிட்டார். "வெளையாடுதியா? ஏதாவது ஆச்சுன்னா?"

"போன தடவையே டாக்டர் மெல்ல நடக்கச் சொல்லிட்டாரு. நீங்கதான் விடல."

"நீ மயக்கத்துல கெடந்த. ஆப்பரேஷன் தியேட்டர் வாசல்ல நான் நின்னது உனக்குத் தெரியாது" என்றார். 

"தெரியும். தெரிஞ்சுதான் இத்தனை நாளும் பேசாம கெடந்தேன்" என்றாய் நீ.

மறுநாள் இறங்கினாய். அண்ணன் உனக்கு முன்னால் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினார், நீ விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று. மாமியார் மேலே ஜெபமாலையோடு நின்றார். உனக்குப் பின்னால் நான். வாசல் கேட்டைத் தொட்டுவிட்டு, மூச்சு வாங்க, என்னைத் திரும்பிப் பார்த்தாயே, அந்த முகம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

விழுந்த நாற்றுகளைக் காப்பாற்ற வழி இல்லை. எடுத்து எறிந்துவிட்டுப் புதிய கோப்பைகளில் விதைத்தாய். தண்ணீர் ஊற்றுகிற வேலையை முழுதாக மாமியாரிடமே கொடுத்தாய். கோப்பையைத் தூக்கிப் பார்த்து, லேசாக இருந்தால் மட்டும், அடித்தட்டில் ஊற்ற வேண்டும். வேர் தானாக உறிஞ்சிக்கொள்ளும், மேல்மண் காய்ந்தே இருக்கும். ஒரு சின்ன விசிறியையும் நாற்றுகள் பக்கம் திருப்பி வைத்தாய். ஈக்கள் போயின. ஒன்றும் விழவில்லை.

எல்லோரும் நிம்மதியானார்கள், உன்னைத் தவிர. பழைய கோப்பைகளில் ஒன்றே ஒன்று சாகாமல் நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "செத்ததுக்குக் காரணம் தெரிஞ்சுட்டு. இது ஏன் நிக்கு? இதுக்கும் அதே தண்ணிதானே?" என்று கேட்டாய். ஓட்டையைப் பார்த்தாய், இடத்தைப் பார்த்தாய், விதையைச் சந்தேகப்பட்டாய். கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அந்தச் செடி பால்கனியில் காய்த்து, புளிப்பான சின்னப் பழங்களாக மாமியாரின் குழம்புக்குள் போன பிறகும் நீ அந்தக் கேள்வியை விடவில்லை. நிற்பதைப் பார்த்தும் ஏன் என்று கேட்கிற ஆளாக உன்னைத் தவிர வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

நீ கூடத்துக்குத் திரும்பினாய். பல வருஷங்கள் அதே மேசையில், அதே பியூரெட்டோடு. போன மழைக்காலத்தில் உன் இதயம் திரும்பவும் தளர்ந்தது. இந்த முறை மதுரைவரை போகவும் அது நேரம் தரவில்லை.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு அண்ணன் என்னிடம் மெல்லக் கேட்டார். "அன்னைக்கு அவளைப் படி இறங்க விட்டிருக்கக் கூடாதோ?" அத்தனை வருஷமும் அந்தக் கேள்வியை அவர் உள்ளே வைத்திருந்தார் போல.

"அண்ணே, அன்னைக்கு இறங்கினதாலதான் அவ இத்தனை வருஷம் நம்மகூட இருந்தா. மேலயே இருந்திருந்தா மூச்சு மட்டும்தான் இருந்திருக்கும்" என்றேன்.  அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

இன்று விழுந்த மிளகாய் நாற்றை எடுத்து எறிந்துவிட்டேன். பக்கத்துக் கோப்பைகளைத் தூக்கிப் பார்த்தேன், எல்லாம் கனமாக இருந்தன. இந்த முறை வேறு யாரையும் வேவு பார்க்க வேண்டியதில்லை, இந்த வீட்டில் நான் மட்டும்தானே.

போன வாரம் என் அப்பாவைப் பார்க்கச் சாத்தான்குளத்துக்குப் போயிருந்தேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்த அப்பா இப்போதுதான் உட்காரத் தொடங்கியிருக்கிறார். தம்பி முகச்சவர ரேசரோடு வந்தான். அப்பா, "நானே பண்ணிக்கிடுதேன்" என்றார். "கை நடுங்குது, வெட்டிக்கிடுவிய" என்றான் தம்பி. "அவரே பண்ணட்டும்லே" என்று அவனை நிறுத்தினேன். அப்பா கண்ணாடியைப் பார்த்து, சோப்பு நுரையைத் தடவி, மெல்ல ரேசரை இழுத்தார். தாடையில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. என் கை தானாக முன்னே போனது. அதைப் பின்னால் இழுத்து, மற்றக் கையோடு சேர்த்து முதுகுக்குப் பின்னே இறுக்கிக் கோத்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, முகத்தைத் திருப்பி, மறு கன்னத்தைத் தொடங்கினார்.