மொதல்ல சொன்னவனுக்குப் பரிசு

டேய்,

அக்கா மக இன்னிக்கு ஸ்கூல்லேர்ந்து ஒரு தண்ணி போத்தல் கொண்டாந்தா. ரோஸ் கலரு, தொறந்தா புது பிளாஸ்டிக் வாடை. "மாமா, கேள்விக்கு நான்தான் மொதல்ல பதில் சொன்னேன். டீச்சர் குடுத்தாங்க."

"வேற யாருக்கும் பதில் தெரியாதா?"

"பக்கத்துல உக்கார்ற புள்ளைக்குத் தெரியும். ஆனா அவ ஸ்லோ லா மாமா."

கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்துச்சு. நீ டெங்கி காய்ச்சல்ல செத்துப்போயி எட்டு மாசம் ஆச்சு. இப்பதான் உனக்கு எழுதுறேன்.

அஞ்சாம் ஆண்டு ஞாபகம் இருக்கா? வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துல சார் கேள்வி கேப்பாரு. மொதல்ல சரியா சொல்றவனுக்குப் பரிசு. பென்சில், ஸ்டிக்கர், எல்லாம் அவரு சொந்தமா வாங்கிட்டு வர்றது. நல்ல மனுஷன். உனக்குத் திக்கும். அதனால கை தூக்குறதுக்கு முன்னாடி பதில மூச்சு சத்தத்துல ஒருவாட்டி சொல்லிப் பாப்பே. அப்படிச் சொல்றப்ப மட்டும் திக்காது. பக்கத்துல இருந்த எனக்கு மட்டும்தான் அது கேக்கும். கேட்ட ஒடனே நான் கத்திருவேன். என் பென்சில் பாக்ஸ்ல இருந்தது முக்காவாசி உன் பரிசுதான். நீ ஒரு நாளும் காட்டிக் குடுக்கல.

அப்புறம் அந்த பேட்மின்டன் ராக்கெட். சார் அத மேசை மேல வச்சதும் உன் கண்ணு அங்கயே நின்னுச்சு. "பழைய பாலம் நம்ம தீவுலேர்ந்து கடலத் தாண்டி அந்தப் பக்கம் எந்த ஊருல போயி எறங்குது?"ன்னு கேட்டாரு. மொத்த கிளாஸும் "பட்டர்வொர்த்!"னு கத்துச்சு. நானும்தான். ஃபெரி ஏறியே பழகுன நமக்கு அந்தப் பக்கம்னாலே பட்டர்வொர்த்துதானே. சார் சிரிச்சிட்டு, "எல்லாரும் தப்பு"ன்னாரு.

உங்கப்பா லோரி ஓட்டுறவரு. அவருகூட எத்தன வாட்டி பாலம் ஏறிருப்பே! அன்னிக்கு நீ முணுமுணுக்கல. நான் திருடிருவேன்னு தெரிஞ்சு நேரா எந்திரிச்சு நின்னே. "பி... பி..."

"பிறை, சார்!" நான்தான் கத்துனேன்.

பாலம் எறங்குற ஊரு பிறைதான். ராக்கெட் எனக்கு. சார் உன்னப் பாத்து, "பரவால்ல, அடுத்த தடவ இன்னும் சீக்கிரம் சொல்லு"ன்னாரு. நீ உக்காந்தே. ஆறாம் ஆண்டு முடியிற வரைக்கும் கை தூக்கவே இல்ல.

இன்னிக்கு அக்காகூட இத வச்சுத்தான் வாக்குவாதம். "பரிசு குடுத்தாதான்டா புள்ளைங்க படிக்கும். நீ வாங்காத பரிசா?"ன்னா.

"வாங்குனேன். ஃபாரம் ஃபோரோட படிப்ப நிறுத்திட்டேன். பாத்தேல?"

உண்மைதான்டா. பரிசுக்காகக் கத்துனவன் நான். செகண்டரில யாரும் எதுவும் குடுக்கல, எனக்கும் படிக்கிறதுக்கு ஒரு காரணமும் தெரியல. இப்ப மோட்டார் சைக்கிள்ல வீடு வீடா சாப்பாடு கொண்டுபோயி குடுத்துட்டுத் திரியிறேன். குடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. சும்மா உக்காந்திருக்கிற கிளாஸ ஒரு ஸ்டிக்கர் எழுப்பிரும், பாத்திருக்கேன். ஆனா மொதல்ல சொன்னவனுக்குன்னு குடுத்தா, அது பதிலுக்கு இல்ல, வாய்க்கு. அக்கா மககிட்ட, "அடுத்த வாட்டி அவ சொல்லட்டும், நீ சும்மா இரு"ன்னேன். "அப்ப எனக்குப் பரிசு கெடைக்காதே மாமா"ன்னா.

போன வருஷம் மாமாக் சாப்பாட்டுக் கடையில தே தாரிக் டீ குடிச்சப்ப உன்ன கிண்டல் பண்ணேன். "அந்த ராக்கெட் இன்னும் வீட்டுலதான் கெடக்கு. எடுத்துக்கிறியா?" நீ கிளாஸ கீழ வச்சே. ரொம்ப நேரம் எடுத்து சொன்னே: "ரா... ராக்கெட்ட விடுடா. எந்... எந்திரிச்சு நின்னேன்ல. முடிக்க விட்டிருக்கலாம்."

"சரி லா, சாரி"ன்னு சொல்லி ரொட்டி ஆர்டர் பண்ணேன். அவ்ளோதான் நான் கேட்ட மன்னிப்பு. பெருசா ஒரு நாள் கேக்கலாம்னு இருந்தேன்.

உன் பதினாறாம் நாளுக்கு வந்தேன். உங்கப்பா எல்லாருக்கும் முன்னாடி, "தம்பி, நீதான் நல்லா பேசுவே. அவனப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுப்பா"ன்னாரு. எந்திரிச்சேன். வாய் தொறந்தேன். ஒன்னும் வரல. "அவன்... அவன்..."னு அதுலயே நின்னுட்டேன். வேற எடமா இருந்தா யாராச்சும் "நல்ல பையன்"னு முடிச்சு வச்சிருப்பாங்க. உங்க வீட்டு ஆளுங்க காத்திருந்து பழகுனவங்கடா. உங்கம்மா என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"அவனுக்குத் தெரியும். எல்லாம் அவனுக்குத் தெரியும். நான்தான் சொல்ல விடல."

அத சொல்லி முடிக்க எவ்ளோ நேரம் ஆச்சுன்னு தெரியல. முடியிற வரைக்கும் யாரும் அசையல.