அலுமாரிக் கண்ணாடியில் தெரிந்த சில்லு

மல்லாவி,
1999 பங்குனி 14.

அன்புள்ள மகள் பிரேமினிக்கு,

இன்றைக்கு எனக்கு அறுபத்தெட்டு வயதும் மூன்று மாதமும். கண்ணில் இன்னும் பழுதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதாவின் தயவில் நான் சுகம். நீயும் சுகமென்று எழுதியிருக்கிறாய். அதை நம்புவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

வவுனியா போய் வந்த சிற்றம்பலம் மாஸ்ரர் உன் கடிதத்தையும் மூன்று படங்களையும் கொண்டுவந்து தந்தார். கலியாணத்துக்கு என் சம்மதம் கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளை டெஸ்மண்ட் கொஞ்சம் கறுவல் என்கிறாய். வெயிலில் கரைவலை இழுக்கும் உன் மாமாதான் கறுவல். இவர் கறுப்பர்; ஜமேக்காவிலிருந்து லண்டனுக்கு வந்த பெற்றோரின் பிள்ளையென்று கடைசிப் பக்கத்தில் நீயே ஒளித்து எழுதியிருக்கிறாய். ஊர் காப்பிலி என்று சொல்லுமென்று பயந்தாயாக்கும். சொல்லும்தான். சின்ன வயதில் அப்படிச் சொல்லி உன்னை அழவைத்தவர்களே இப்போது உன் லண்டன் விலாசம் கேட்கிறார்கள்.

என் சந்தேகம் நிறத்தைப் பற்றியதல்ல. மூன்று படத்திலும் அவர் உட்கார்ந்திருக்கிறார், நீ நிற்கிறாய்; மூன்றும் இடுப்போடு கத்தரிக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த வீட்டு மார்கிறட் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், மாப்பிள்ளை எழும்பி நிண்டா என்ன உயரம் வருவார்?" என்று கேட்டாள். தேத்தண்ணீர் கொடுத்து அவளை அனுப்பிவிட்டுப் படங்களை வெளிச்சத்தில் பிடித்தேன். அவருக்குப் பின்னால் நிற்கும் அலுமாரியின் கண்ணாடியில் சக்கர நாற்காலியின் சில்லு தெரிகிறது. கத்தரிக்கோல் எடுத்தவள் கண்ணாடியை மறந்துவிட்டாய்.

யாருக்காக இந்த வெட்டு? இங்கே சண்டையில் கால் போய் ஊன்றுகோலோடு வருகிறவர்களுக்கு வழிவிட்டுத்தான் சந்தையில் மரக்கறி வாங்குகிறோம். மயங்கி விழ ஒருவருமில்லை. ஆகவே நீ எனக்குப் பயந்து வெட்டியதாக நான் நம்பவில்லை. தன்னைப் பாதியாக்கி மாமியாருக்கு அனுப்பியது அந்த மனிதருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அவரிடம் சொல், அதைக் கேட்டு அவர் என்ன சொன்னார் என்பதையும் எழுது. முழுப்படம் வரட்டும், சம்மதத்தைப் பிறகு பேசலாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். பூசையைத் தவறவிடாதே. மாதா உங்கள் இருவரையும் காப்பாராக.

இன்னொன்று. எங்கள் கலியாணப் படத்தில் நான் கதிரையில் இருக்கிறேன், உன் அப்பா நிற்கிறார். நீ பிறந்தபின் கிணற்றடியில் வழுக்கி விழுந்து என் கால் நொண்டியாயிற்று என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நான் விழவேயில்லை. மூன்று வயதில் வந்த காய்ச்சல் கொடுத்த கால் அது. அதை இழுத்துக்கொண்டுதான் பேராதனையில் பட்டம் பெற்றேன். படமெடுக்கும்போது அந்தக் கதிரையைக் கொண்டுவந்து போட்டவர் உன் அப்பா. எனக்காகப் போட்டாரா, தனக்காகப் போட்டாரா என்று அவர் கண்மூடும்வரை நான் கேட்கவில்லை. அந்தச் சந்தேகத்தோடுதான் குடும்பம் நடத்தினேன்.

ஆசியுடன்,
உன் அம்மா,
கலிஸ்ரா தோமஸ்